பாரக்கோடு

கோட்டைக் காணவில்லை.

தோணியின் விலாவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்தபடி அவன் குனிந்து பார்த்தான். துறைமுகத்தின் கலங்கிய தண்ணீருக்குள், நான்கு விரல் ஆழத்தில், அந்த வெள்ளைக்கோடு நெளிந்துகொண்டிருந்தது.

தண்ணீர் அதற்கு மேல் ஏறக்கூடாது என்று போட்ட கோடு.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தோணி எட்டுப் பேரோடு போனது. திரும்பவில்லை. அதன் பிறகுதான் எல்லாத் தோணிகளுக்கும் அளந்து கோடு போட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் கோடு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிந்தது. அப்புறம் நான்கு லாரி ஜல்லி வந்தது. அப்புறம் மழை வந்தது. ஏற்கெனவே ஏற்றியிருந்த மணல், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் விடிய விடியத் தண்ணீர் குடித்தது.

அவன் மடியில் வெள்ளைப் பெயின்ட் டப்பா. கையில் பிரஷ்.

சரக்கு அனுப்புகிறவரின் ஆள் விடிந்ததும் வந்திருந்தார். சரக்கு வராமல் மாலத்தீவில் கட்டடவேலை நின்று கிடக்கிறது, தோணியிலிருந்து ஒரு கூடை ஜல்லிகூட இறக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். தோணியை நடத்திப்போகும் தண்டல் செலஸ்தீன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். சரக்கை மறுத்த தண்டலை நம்பி மறுபடி தோணி கொடுக்க அந்தக் கரையில் ஆள் கிடையாது.

பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"கோட்டை ஒரு முழம் மேல ஏத்திப் போடுலே."

பதினோரு வருடமாக அவரோடு கடலுக்குப் போகிறான். ஒரு சொல்லைத் தட்டியதில்லை.

கோணியால் விலாவைத் துடைத்தான். ஈரம் போகவில்லை. மறுபடி துடைத்தான்.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் ஃபிலோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கிரேக்க தேசத்தில் ஒருவர் குளிக்கத் தொட்டியில் இறங்கினாராம். தண்ணீர் வழிந்ததாம். அதைப் பார்த்தவருக்கு ஏதோ விளங்கிவிட்டதாம், உடுதுணியை மறந்து தெருவில் ஓடினாராம். கடலிலேயே கிடக்கிற எங்களுக்கு இதைச் சொல்ல கிரேக்கத்திலிருந்தா ஆள் வரவேண்டும் என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, பாடத்தைத் தன் பேச்சில் சொல்லிப் பார்த்தாள்.

"நாம எம்புட்டுத் தண்ணிய ஒதுக்குறமோ, அந்த எடையத்தான் தண்ணி தாங்கும்ப்பா. அதுக்கு மேல கேட்டா குடுக்காது."

பிரஷை முக்கினான்.

முதல் இழுப்பு கோணிக்கொண்டது. இரண்டாவது நேராக வந்தது.

நல்ல கோடு. பழையதைவிட நேரானது.

ஒன்பது மணிக்குச் சோதனை அதிகாரி வந்தார். தோணியில் ஏறவில்லை. துறைமுக மேடையில் நின்றே பார்த்தார். தண்ணீருக்கு மேலே கோடு பளிச்சென்று இருந்தது. அவர் பார்வை அங்கிருந்து நகர்ந்து அவன் கைக்கு வந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

கயிறு அவிழ்க்கும் நேரத்தில் தண்டல் அவனுடைய துணிப்பையை எடுத்து மேடையில் வைத்தார்.

"நீ இந்தப் பயணம் வராண்டாம்."

ஏன் என்று கேட்டான். அவர் தேங்காய் எண்ணெய் தடவிய விரலிலிருந்து கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினார். இருபது வருடமாக விரலைவிட்டு இறங்காத மோதிரம். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது.

"கை வீங்குது. ஜெனோவாட்ட குடுத்துரு."

ஜெனோவா அவர் மனைவி.

கை வீங்கியிருக்கவில்லை.

அவருக்குப் பின்னால் நான்கு பேர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என்ஜின் உறுமத் தொடங்கியிருந்தது. சமையல்காரர் அந்தோணிமுத்து, மத்தியானக் குழம்புக்குச் சாளை மீன் ஆய்ந்தபடி யாரையோ கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

மேடைக்கும் தோணிக்கும் நடுவில் தண்ணீர் அகன்றது.

அவன் ஓடினான்.

அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டி இறக்கவைத்தான். மூச்சு வாங்க, அந்தக் கோடு காலையில் தான் போட்டது என்றான். பழைய கோடு தண்ணீருக்குள் கிடக்கிறது என்றான். அவர்களை நிறுத்தச் சொன்னான். தன்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றான்.

அவர் அவனைப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். களைப்பு மட்டும்.

"தெரியும்ப்பா."

கண்ணாடி மேலே ஏறியது.

அவன் திரும்பி வந்தபோது தோணி துறைமுக வாயை நெருங்கியிருந்தது. மேடையின் விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் வீசினான். அண்ணே, அண்ணே என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். சுக்கானைப் பிடித்திருந்த தண்டல் திரும்பவில்லை.

எதிரே ஓர் இழுவைக்கப்பல் உள்ளே வந்தது. அதன் பின்னால் நீளமாக ஓர் அலை. பெரியது இல்லை. முழங்கால் உயரம் இருக்கும்.

மீன்பிடி வள்ளங்கள் வரிசையாக எழுந்து தாழ்ந்தன. சிவப்பு மிதவை எழுந்து தாழ்ந்தது. யாரோ வீசியெறிந்த எண்ணெய் டின்கூட எழுந்து தாழ்ந்தது.

அலை தோணியிடம் வந்தது.

தோணி எழவில்லை.

அலை அதன்மேல் ஏறி, தளத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கிப் போனது.

தோணி போய்க்கொண்டிருந்தது.