மூன்றாம் நாள்

படுக்கையும் அடுப்பும் வைத்த வேனை ஏழு நாளைக்கு வாடகைக்குப் பேசியாயிற்று. செல்லத்துரை வரைபடத்தை விரித்து, காட்டுக்குப் போகும் வழியைப் பென்சிலால் இழுத்துக்கொண்டே போனார். முதல் நாள் அருவி, மறுநாள் ஏரி. அங்கிருந்து கோடு விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

"ஏங்க, மூணாம் நாளே எதுக்கு வீட்டுக்கு வர்றோம்?" என்றாள் மனைவி வேதவல்லி.

"உனக்கு டயாலிசிஸ்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆறு வருஷப் பழக்கத்தில் கை தானாகத் திரும்பியிருக்கிறது.

வேதவல்லி சிரித்தபடி கோட்டை அழித்தாள். நாத்தனார் கொடுத்த சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றை ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு பென்சிலை வாங்கி, காட்டுக்கு நேர் எதிர்த்திசையில் கோடு இழுத்தாள்.

"அது என் தங்கச்சி ஊரு" என்றார் செல்லத்துரை.

"அவளை ஏத்திக்கிட்டுத்தான் போகணும். காடு எங்கயும் போயிடாது."