சுரங்கப்பாதைக்கு முன்னால்

தூரப் பயணத்துக்கென்றே வாங்கிய பெரிய பைக்கில் சாட்டிலைட் ரேடியோ பொருத்தித் தரச் சொன்னார் தேவசகாயம்.

"போன்லயே பாட்டு கேக்கலாமே சார்?" என்றார் மெக்கானிக்.

"மலையில டவர் கிடைக்காது. இது வானத்துலேருந்து நேரா வரும்."

பாட்டு அவருக்கு வேண்டியதே இல்லை. அவரோடு விவாகரத்தான பிறகு ஆறு வருடமாகக் கடல் தாண்டி வாழும் ரெஜினா, தினமும் மாலை நான்கு மணிக்கு அந்த ரேடியோவில்தான் நேயர்களோடு பேசுகிறாள்.

மறுநாள் மலையேறும்போது ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. யாரோ ஒரு நேயர் எதையோ சொல்ல, மூச்சு முட்டச் சிரித்தாள். வீட்டிலும் அப்படித்தான் சிரிப்பாள். வளைவு திரும்பியதும் எதிரே சுரங்கப்பாதை தெரிந்தது. அதற்குள் வானம் கிடையாது. தேவசகாயம் பைக்கை ஓரங்கட்டினார்.

பின்னால் வந்த லாரி பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன சார், வண்டி ரிப்பேரா?"

"இல்லைங்க. உள்ள போனா குரல் விட்டுப்போயிடும். பேசி முடிக்கட்டும்னு நிக்கறேன்."

"யார் சார் பேசறது?"

தேவசகாயம் கொஞ்சம் தயங்கினார்.

"என் வீட்டுக்காரி."

டிரைவர் லாரியின் என்ஜினை அணைத்தார்.