டவருக்கும் தொட்டிலுக்கும் நடுவே

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் காப்பக அக்கா.

மனுக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஆயுள் முழுக்க மனு எழுதியே காலம் தள்ளியதால் தெரு வைத்த பெயர் அது. அவரும் அதைப் பட்டம் போலத்தான் சுமந்துகொண்டிருந்தார்.

எதிர்வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் வரப்போகிறது. குழந்தைக் காப்பகத்துக்கு ஐம்பது மீட்டருக்குள் டவர் கூடாது என்பது நகராட்சி விதி. அந்த விதி சும்மா வந்ததில்லை. அதற்காக இவர் போலீஸ் வேனில் ஏறியிருக்கிறார், முட்டி பெயர அடியும் வாங்கியிருக்கிறார். தெருவில் இருக்கிற ஒரே காப்பகம் இவளுடையது. எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. கல்யாணப் பெண்ணே மேடைக்கு வர மாட்டேன் என்றால் எப்படி?

அவள் இடுப்பில் ஒரு குழந்தை. காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. பின்னால் ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் தொட்டில். அலமாரியில் பால் புட்டிகள், எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் நூல்.

"டவர் வந்தா வந்துட்டுப் போகட்டும் ஐயா. எங்களை இதுல இழுக்காதீங்க."

"இந்தக் குழந்தைங்களுக்காகத்தாம்மா நாங்க நாயா அலையறோம்."

"தெரியுது. அதனாலதான் கேட்டுக்கறேன்."

"கம்பெனிக்காரன் உன்னை வந்து பார்த்துட்டானா?"

அவள் முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

விலை போனவர்களின் மௌனத்தை மனுக்காரர் நிறையப் பார்த்தவர். இதுவும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

தெருக்கூட்டத்தில் அதைச் சொல்லவும் சொன்னார். ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். துணி ஆலையில் தையல் வேலை பார்க்கும் ஒருத்தி மட்டும் எழுந்தாள். அவள் மகள் அந்தத் தொட்டிலில்தான் வளர்கிறாள்.

"அக்கா அப்படிப்பட்டவங்க இல்லீங்க. எனக்கு ஷிஃப்ட் முடிய எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காம பார்த்துக்கறாங்க."

"உணர்ச்சிவசப்படாதேம்மா, உட்காரு. உன் குழந்தைக்காகத்தான் பேசிட்டிருக்கோம்" என்றார் மனுக்காரர். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை நாள் வந்தது. அனுமதிப் பிரிவு அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, அந்தத் தெருவில் காப்பகம் எதுவும் இருப்பதாக நகராட்சிக்குத் தெரியாதே என்றார். கம்பெனி வக்கீல் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மனுக்காரரை உசுப்பிவிட்டது. எடுத்து வைத்திருந்த புகைப்படங்களை மேஜையில் பரப்பினார். வாசல் நிறையக் குட்டிக் குட்டிச் செருப்புகள், கொடியில் ஈரத்துணிகள், வரிசையாகப் படுத்துத் தூங்கும் பிள்ளைகள்.

"இல்லைன்னா இதெல்லாம் என்ன சார், கடையில வாங்கின பொம்மையா? நேர்ல வந்து பாருங்க."

சவாலை அதிகாரி ஏற்றுக்கொண்டார். வரும்போது குழந்தைகள் நலப் பிரிவு அதிகாரி அம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

தெருவே வேடிக்கை பார்க்க, எதிர்வீட்டுச் சுவரிலிருந்து காப்பகத்தின் வாசற்படி வரை நாடா பிடித்து அளந்தார்கள். ஒரு முனையை மனுக்காரரே பிடித்துக்கொண்டார். ஐம்பது மீட்டர் எங்கே, அதில் பாதிகூட இல்லை. டவருக்கு அனுமதி கிடையாது என்று அதிகாரி அங்கேயே சொன்னார். கைதட்டல் எழுந்தது. யாரோ மனுக்காரருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அதிகாரி அம்மாள் மட்டும் இன்னும் உள்ளேயே இருந்தாள். உரிமம் இருக்கிறதா, இரண்டாவது வாசல் உண்டா, குழந்தைகள் இருக்கிற அறையிலா அடுப்பு எரிகிறது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பக அக்கா தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வெளியே சால்வையோடு நின்றவரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரம் காப்பகக் கதவில் சீல் வைத்துவிட்டார்கள்.

மனுக்காரர் ஓடினார். தையல்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் ஆலை மேஸ்திரியிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அக்கா படியில் உட்கார்ந்து பால் புட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உரிமம் இல்லைன்னு அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா? அதுக்கும் ஒரு போராட்டம்னு கொடி பிடிச்சிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் யார் கண்ணுலயும் படாம இருக்கறதுதான் ஐயா. அதைத்தான் உங்ககிட்டக் கேட்டேன்."

குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த புட்டியை எடுத்துப் பையில் வைத்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் எதிர்வீட்டு மாடிக்கு இரும்புச் சட்டங்கள் ஏற ஆரம்பித்தன. ஜன்னலில் நின்று பார்த்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், இனிமேலாவது வீட்டுக்குள்ளே சிக்னல் கிடைக்கும் என்று சொன்னதும் மனுக்காரர் காதில் விழுந்தது.

மனுக்காரர் மூச்சிரைக்க நகராட்சிப் படி ஏறினார்.

"என்ன சார் அநியாயம் இது? டவருக்கு அனுமதி கிடையாதுன்னு நீங்கதானே உங்க வாயால சொன்னீங்க?"

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டார். நிஜமாகவே மரியாதையோடுதான் பேசினார்.

"காப்பகமும் டவரும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாதுன்னுதானே ஐயா மனு குடுத்தீங்க? பிரிச்சாச்சே."