பதினாறு தூண்களில் ஒன்று

பதினாறாவது தூணையும் தடவி முடித்தபோது அர்லீனின் முழங்கால் இரண்டும் ஈரமாகிவிட்டன.

"விட்டுத் தொலை, அர்லீன்," என்றார் வெர்னன். "அங்க ஒரு மண்ணும் இல்ல."

அவர் கல் பெஞ்சில் சாய்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். மூன்று சனிக்கிழமை இதே தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர்.

ஆல்டர்கேட் மாளிகையை ஒரு நிலக்கரி முதலாளி கட்டி நூற்றிருபது வருடம் ஆகிறது. அதன் பின்தோட்டத்தில், பதினாறு மரத்தூண்கள் தாங்கும், கொடி படர்ந்த நீளமான பந்தலில், தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பா ஒன்றை யாரோ அனுமதி வாங்கி ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த எண்களுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் சுருள் தாளில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜியோகேச்சிங் என்று இந்த விளையாட்டுக்குப் பெயர். பரிசெல்லாம் கிடையாது. பெயர்தான்.

ஒளித்தவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மரங்கொத்தி. அர்லீனும் வெர்னனும் இருக்கும் மாவட்ட ஜியோகேச்சிங் சங்கத்தில் அந்தப் பெயரை இதற்குமுன் ஒருவரும் கண்டதில்லை.

ஐந்து வாரமாகிறது. இருபது பேர் வந்து தேடி, வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பதினான்கு வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் டப்பாக்களை எடுத்திருக்கிறாள். பாலத்துக்கு அடியில், பொய்க் குருவிக்கூட்டில், வேலிக் கம்பியின் மூடிக்குள். இணையத்தில் அவளுடைய பக்கத்தில் 'கிடைக்கவில்லை' என்ற சொல் ஒருமுறைகூட ஏறியதில்லை.

"உனக்கே கிடைக்கலைன்னா அது இல்லவே இல்லைன்னு அர்த்தம்," என்றார் வெர்னன். "எவனோ நம்மள வெச்சு விளையாடறான். இன்னைக்கே இணையதளத்துக்காரங்களுக்கு எழுதிப்போட்டு அதைப் பட்டியல்லேர்ந்து தூக்கச் சொல்லிடறேன்."

அர்லீன் மறுபடி முதல் தூணுக்குப் போனாள்.

இந்தத் தடவை கீழிருந்து மேலே. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். காந்தம் வைத்துப் பார்த்தாள். மரமும் மரமும் சேரும் ஒவ்வொரு இடுக்கிலும் நகத்தை ஓட்டினாள்.

பன்னிரண்டாவது தூணில் ஒரு கணு லேசாகப் பளபளத்தது.

நெஞ்சு திக்கென்றது. அழுத்தினாள். திருகினாள். வெறும் கணு.

மூச்சை விட்டாள்.

பதினாறும் இரண்டாம் முறை முடிந்தபோது மாளிகையில் மூடும் மணி அடித்தது. அவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கைபேசியை எடுத்து நின்றவாக்கில் ஒரே ஒரு சொல் எழுதினாள்.

கிடைக்கவில்லை.

வெர்னனின் ஆப்பிள் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது. பிறகு அவரும் தன் கைபேசியை எடுத்தார். "நான் சொன்னேன்ல? புளுகுணிப் பய."

"எழுதாத, வெர்னன்."

"ஏன்?"

"அரைகுறை வேலையா இருந்தா எனக்குக் கெடச்சிருக்கும். இது கைதேர்ந்த ஆளோட வேலை. அர்லீன் தோத்துட்டாள்னு ஊர் பூரா சொல்லிக்கோ, எனக்கொண்ணும் வெக்கமில்ல. ஆனா டப்பா இங்கதான் இருக்கு."

வெர்னன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோற்றுப்போனவர்கள் இத்தனை நிமிர்ந்து நின்று அவர் பார்த்ததில்லை.

கைபேசியைப் பைக்குள் போட்டார். ஆப்பிளைப் பெஞ்சின் மேல் வைத்தார். முனகிக்கொண்டே போய் முதல் தூணருகே மண்டியிட்டார்.

அர்லீன் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். அவள் கணவர் டெல்பர்ட் ஓட்டுநர் இருக்கையில் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்திருந்தார். எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். அவள் தேடுவாள், அவர் வண்டியில் காத்திருப்பார்.

"கெடச்சுதா?" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல, டெல். ரெண்டு சுத்து பாத்தாச்சு. எங்க வெச்சிருக்கான்னே புரியல."

டெல்பர்ட் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். காதுமடல் சிவந்திருந்தது.

செப்டம்பர் முழுக்க வீட்டின் நிலவறையிலிருந்து சின்ன ரம்பத்தின் சத்தம் கேட்டது. தச்சுப்பட்டறையின் பெரிய ரம்பம் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோன பிறகு, ஆறு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். அர்லீன் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. பேட்டரி மாற்றித் தருகிறேன் என்று அவளுடைய கருவியை ஒருநாள் முழுக்க அவர் வைத்திருந்தபோதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மரங்கொத்தி யாரென்று ஊகித்திருந்தும், தேடும்போது மட்டும் அவள் தாட்சண்யம் பார்க்கவில்லை. டப்பா கண்ணில் பட்டிருந்தால் பெயரெழுதித்தான் தீர வேண்டும். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு தூணையும் தொட்டாள்.

வண்டி கிளம்பியது. இன்னும் தோட்டத்தில் மண்டியிட்டுக் கிடக்கும் வெர்னனை விரட்டுவதற்காக, டப்பா ஒளிக்க அனுமதி கொடுத்த மாளிகைக்காரப் பெண் சாவிக்கொத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தாள்.

டெல்பர்ட் சன்னல் கண்ணாடியை இறக்கினார். ஆறு வருடமாக வெளியாட்கள் முன்னால் கோட்டுப் பையைவிட்டு வெளியே வராத இடது கையை முழங்கைவரை வெளியே நீட்டி, அந்தப் பெண்ணுக்கு அசைத்தார்.