பதினொரு கிலோ மட்டி

“மூண்டு மாசத்தில வெறும் பதினொரு கிலோ மட்டியா ஐயா?”

கடற்றொழில் கந்தோரில் அதிகாரி பிரஷாந்தினி அறிக்கையைத் திரும்பவும் புரட்டினாள். முன் கதிரையில் இருந்த வீரபாகு தலையாட்டினார்.

“ஓம் மிஸ். அவ்வளவுதான் கிடைச்சது.”

கடலை ஒட்டிய களப்பின் தெற்குக் கரையில் மட்டிச் சிப்பியை வியாபாரமாக அள்ளிப் பார்க்கப் பரீட்சார்த்த அனுமதி கேட்டவர் அவர். அதற்காக ஆறு தடவை இந்தக் கந்தோருக்கு நடந்தார். ஊர்ப் பெண்கள் கையால் மட்டி பொறுக்கிச் சீவிக்கிற கரை அது. பெண்களின் சோற்றில் மண்ணைப் போடுகிறான் என்று ஊர் திட்டியது. ஊர் வாயை யார் மூடுவது?

மனைவி அன்னபாக்கியமும் அங்கே பொறுக்குகிறவள்தான். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அவள் அவருடன் கதைப்பதில்லை. இன்று முடிவு தெரிந்துகொள்ள அதே பஸ்ஸில்தான் வந்தாள். ஆனால் தள்ளி, முன் சீற்றில் இருந்தாள். இப்போது வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். அவருக்கு அது உண்மையிலேயே வலித்தது.

“கொழும்புக் கொம்பனி ஒண்டும் மெசினோட வர நிண்டது. நீங்கள் முந்திக் கேட்டபடியால்தான் உங்களுக்குத் தந்தனாங்கள். கிடைச்சதை வடிவாப் பாவிச்சிருக்கலாமே?”

“கார்த்திகையில தொடுவாய் மணலை வெட்டிக் கடலுக்குத் திறந்து விட்டாச்சு மிஸ். வெள்ளம் முழுக்கக் களப்பால கடலுக்கு ஓடேக்க மட்டி சேத்துக்குள்ள இறங்கியிடும்.”

“அது உங்களுக்கு முந்தியே தெரியுந்தானே? பிறகேன் மாரியில துவங்கினனீங்கள்?”

“அவசரப்பட்டிட்டன்.”

பிரஷாந்தினிக்குப் பாவமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னும் மூண்டு மாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. நான் சிபாரிசு செய்யிறன். சித்திரையில நல்லா அள்ளலாம்.”

“வேண்டாம் மிஸ். தோல்வி எண்டே எழுதுங்கோ.”

“வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?”

“ஓம். சீலும் குத்தித் தாங்கோ.”

அவள் பெருமூச்சுடன் எழுதிக் கையெழுத்து வைத்தாள். வீரபாகு கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மனைவியிடம் நீட்டினார். வாங்குவதா விடுவதா என்று யோசித்த அன்னபாக்கியம், கடைசியில் வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

‘பரீட்சார்த்தம் தோல்வி. விதிப்படி, கையால் பொறுக்குவோர் தவிர்ந்த எந்தவொரு நபருக்கும் கொம்பனிக்கும் ஐந்து வருடங்களுக்கு இக்கரையில் அனுமதி வழங்கப்படமாட்டாது.’

அவள் அதை இரண்டாம் தரமும் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“இதுக்கோ விண்ணப்பம் போட்டனீங்கள்? எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“உனக்குச் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி,” என்றார் வீரபாகு. “நீயே என்னோட கதையாமல் விட்டபடியால்தான், நான் உண்மையா அள்ளப் போறன் எண்டு கொம்பனிக்காரன் நம்பி ஒதுங்கினவன்.”