உப்பில்லாத நாடு

போரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை வந்தபின் சிமியோன் குருநகர் வீட்டில் சும்மா இருந்து ஒரு நாட்டைக் கட்டினான். அங்கே மலைகள் இருந்தன, பெரிய ஆறு ஓடியது, மூன்று ராசாக்கள் ஆண்டு மடிந்திருந்தார்கள். தடைக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் அங்கேதான் கரையேறினான் என்றான்.

"மலையைக் கண்ணாலை கண்டிருக்கிறியளே?" என்றாள் மனைவி லூர்த்தம்மா. "ராசா செத்ததெல்லாம் தெரியுது. பெடியன் என்ன தின்னுறான் எண்டு தெரியேல்லையோ?"

"ஆத்து மீன். அங்கை தண்ணியிலை உப்பில்லை."

"த்தூ! உந்த விசர்க்கதையைக் கோயில் சுவாமியிட்டைச் சொல்லுங்கோ."

மறுநாள் காலை, கூரைக்குக் கீழே ஒரு வருடமாக நனையாமல் தொங்கிய வலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை பெய்திருக்கவில்லை. லூர்த்தம்மா ஒரு சொட்டை விரலில் ஏந்தி நக்கினாள். அது கரிக்கவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று சிமியோன்மேல் சீறினாள். "போய் வாசல் படலையைத் திறவுங்கோ."