கூடத்தில் ஒரு பட்டறை மேசை

“பொழுது சாயறதுக்குள்ள அக்கா வந்துடுவா மாமா. அதுக்குள்ள இந்த மேசையைத் தூக்கிப் பின்னால கொட்டகையில போட்டுடலாம். உங்க கால்ல விழறேன்.”

மச்சினன் யசுனோரி இப்படிக் கெஞ்சியதைத் தொகுஜி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தரை முழுக்கப் பாய் பதித்த கூடத்தின் நட்டநடுவில் முட்டி போட்டு, மேசைக் காலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

அது கணவாய்த் தூண்டில் செய்கிற மேசை. கட்டையை இறால் மாதிரிச் செதுக்கி, வயிற்றில் ஈயம் வைத்து, பளபளவென்று துணி சுற்றிவிட்டால் போதும். கணவாய் மயங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். தத்தேயாமா துறைமுகத் தெருவில் பாதி ஆண்களுக்கு இதுதான் ஓய்வுக்காலத் தொழில், மீதிப் பாதிக்கு இதுதான் குடும்பச் சண்டை.

மேசையைக் கூடத்தில் போட வேண்டும் என்பது, கல்யாணமான நாள்முதலாக இந்த வீட்டில் எதிர்க்கட்சி கொண்டுவந்து தோற்றுக்கொண்டிருந்த தீர்மானம். எதிர்க்கட்சி தொகுஜி. ஆளுங்கட்சி அவர் மனைவி கினுயே. இன்று தீர்மானம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிவிட்டது. ஜெயித்தவர் முகத்தில்தான் அதற்கான களையைக் காணோம்.

“அந்த முனையைப் பிடிடா. ஜன்னல் வெளிச்சம் நேரா விழணும்.”

“ஐயையோ, பாயில ஓட்டை போடறீங்க மாமா! ஈரக் காலோட வந்தா என்னையே இந்தப் பாயில ஏறவிடமாட்டா. கூடப் பொறந்த தம்பி நான்!”

“அது ஈரத்துக்காக இல்லடா. உன் கால் நாத்தத்துக்காக.”

யசுனோரி தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். தொகுஜி அதற்குள் அடுத்த குற்றத்துக்குப் போய்விட்டார். கட்டையைக் கவ்விப் பிடிக்கிற வைஸை மேசை ஓரத்தில் முறுக்கிப் பொருத்தினார். ரம்பம், அரம், உப்புத்தாள் எல்லாவற்றையும் கினுயேயின் பூஜாடி இருந்த அலமாரியில் பரப்பினார். ஈயம் உருக்குகிற கரண்டியை அடுப்படியில், அவளுடைய மிசோ சூப் கரண்டிக்குப் பக்கத்து ஆணியிலேயே மாட்டினார்.

யசுனோரி கண்ணை மூடிக்கொண்டான். ஒருதடவை இதே ஈயக் கரண்டி கினுயே கையிலிருந்து கிளம்பி, ஜன்னல் வழியாகப் பறந்து, தெருவில் போன தபால்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டது. அவர் அதற்கப்புறம் இந்த வீட்டுக் கடிதங்களை எதிர்வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

“சரி, அது போகட்டும்” என்று பேச்சை மாற்றினான் யசுனோரி. பண்டிகைக்கென்று காலையில் அவன் செய்து வைத்திருந்த வெள்ளரிக்காய்க் குதிரை, நாலு குச்சிக் காலில் தட்டில் நின்றுகொண்டிருந்தது. “அக்கா வேகமா வர்றதுக்குக் குதிரை இருக்கு. மெதுவாத் திரும்பிப் போறதுக்குக் கத்தரிக்காய்ல மாடு செஞ்சு வச்சேனே, அது எங்க?”

“மதியம் வதக்கித் தின்னுட்டேன்.”

“மாட்டையா? நாலு குச்சியோடவா?”

“குச்சியை உருவிட்டுத்தான் தின்னேன். நான் என்ன காட்டுமிராண்டியா?”

யசுனோரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தொகுஜி சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும், வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

“எதுக்கு மாமா வம்பை விலைகொடுத்து வாங்கறீங்க? இதைப் பாத்துட்டு அக்கா வாசலோட திரும்பிப் போயிட்டான்னா?”

“உங்க அக்காவைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? வீடு ஒழுங்கா இருந்தா, சரிதான்னு எட்டிப் பாத்துட்டுப் போயிடுவா. கோவம் வந்துச்சுன்னா அப்படியெல்லாம் போகமாட்டா. உள்ள வந்து, உக்காந்து, இதே கூடத்துல எல்லாத்தையும் எடுத்துக் கடாசித் திட்டித் தீர்த்தாத்தான் அவளுக்கு ஆறும்.”

“திட்டு வாங்கறதுக்கா இவ்வளவும்?”

தொகுஜி கடைசியாக மிச்சமிருந்த தின்னர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். தூண்டிலுக்குப் பூசுகிற சாயத்தைக் கரைக்கிற சாமான். நாற்றம் குடலைப் பிடுங்கும். வீட்டுக்குள் அதன் மூடியைத் திறப்பது கினுயேயின் சட்டத்தில் மன்னிப்பே கிடையாத குற்றம்.

முழு மூடியையும் கழற்றினார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

“இந்த நாத்தம் தெருமுனை வரைக்கும் போகும்லடா?” என்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மார்க் கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

“போகும் மாமா. கடல் வரைக்கும் போகும்.”

“அவ கத்தி ரொம்ப நாளாச்சுடா. இந்த வீட்ல சத்தமில்லாம காதை அடைக்குது.”

யசுனோரி அதற்குமேல் மேசையைக் கொட்டகைக்குத் தூக்கச் சொல்லவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஒரு காலுக்கு, கேட்காமலே அட்டையை மடித்து அண்டக் கொடுத்தான்.

பொழுது சாய்ந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், வருகிறவர்களுக்கு வழிகாட்ட, மண்தட்டில் சின்னதாக நெருப்பு எரியத் தொடங்கியது. இந்த வாசலிலும் தட்டு இருந்தது, காய்ந்த சணல் குச்சிகள் இருந்தன. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யசுனோரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். குச்சியை உரசத்தான் அவனுக்குக் கை வரவில்லை.

தொகுஜி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பத்த வைடா. செத்தப்புறம் மொத தடவையா வர்றா, வீடு தெரியாம நிக்கக் கூடாது.”